கோடையில் வேலியும் வரப்பும் தரும் உணவு

பங்குனி பிறந்துவிட்டால் மானாவாரி நிலங்களில் வேலை குறைந்துவிடும். கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். தோட்டத்துக் கீரைகள் வெயிலில் கருகும். சந்தையில் காய்கறி விலை ஏறும். சிறு விவசாயிகள் வீட்டில் கீரையும் காயும் அடுப்பேறுவது குறைந்துபோகும் காலம் இது.

அதே சமயத்தில் வேலியிலும், வரப்பிலும், ஏரிக்கரையிலும், தரிசிலும் யாரும் நீர் பாய்ச்சாமலே சில செடி கொடிகள் உயிரோடு நிற்கின்றன. அவற்றுள் உணவாகவும் கைமருந்தாகவும் பயன்படுபவை பல. அறிந்து பறித்தால் கைக்காசு செலவில்லாமல் நல்ல உணவு கிடைக்கும். அறியாமல் பறித்தால் உயிருக்கே கேடு வரும். இரண்டையும் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வறட்சியில் வாழும் விதம்

கோடையைத் தாங்கும் செடிகளுக்கு ஒவ்வொன்றிற்கும் ஒரு வழி உண்டு. பிரண்டை தன் சதைப்பற்றுள்ள தண்டில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மேலும், பிற செடிகள் பகலில் மூச்சுத் துளைகளைத் திறந்து நீரை ஆவியாக இழக்க, பிரண்டையின் தண்டு அவற்றைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. மூக்கிரட்டை ஆழமான ஆணிவேரில் உணவைச் சேமித்துக்கொண்டு, கடும் வெயிலில் மேற்பகுதி காய்ந்து, ஒரு கோடை மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கிறது. வடமொழியில் இதற்குப் 'புனர்நவா', அதாவது 'மீண்டும் புதிதாவது' என்று பெயர் வந்ததும் இக்குணத்தால்தான். வேம்பு ஆழத்து ஈரத்தைத் தேடி வேரை அனுப்பிவிடுகிறது.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது?

களைக்கொல்லி தெளித்த வரப்பிலும், பருத்தி, கத்தரி போன்ற பயிர்களுக்குப் பூச்சிமருந்து அடித்த வயலின் ஓரத்திலும் பறிக்கக் கூடாது. கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள் இலை வழியே செடியின் உள்ளே பாய்ந்து வேர்வரை செல்பவை. தெளித்த உடனே செடி வாடாது. சில நாட்கள் பச்சையாகவே நிற்கும். ஏமாந்துபோவது இங்கேதான். உள்ளே பாய்ந்த மருந்தை உப்பு நீரிலோ மஞ்சள் நீரிலோ கழுவி நீக்க முடியாது. ஆகவே, பக்கத்து நிலத்துக்காரர் மருந்து தெளித்தாரா என்று கேட்டறிந்த பிறகே பறிக்க வேண்டும்.

வண்டிகள் ஓடும் பெரிய சாலையோரம், சாயக்கழிவு அல்லது சாக்கடை பாயும் வாய்க்கால், குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றையும் விலக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இன்றிச் சென்று பறிப்பது குற்றமாகும்.

காலை வெயில் ஏறுமுன் பறித்தால் கீரை வாடாது, பறிப்பவருக்கும் நல்லது. வேலிக்குள் கைவிடுமுன் ஒரு கோலால் தட்டிப் பார்ப்பது அவசியம். கோடையில் பாம்புகள் நிழல் தேடி அங்கேதான் ஒதுங்கும்.

பிரண்டை

வேலிகளில் சங்கிலி போல் கணுக்கணுவாகப் படரும் கொடி. தண்டு நான்கு பட்டையாக இருக்கும். கணுக்களில் பற்றுக்கம்பிகள் இருக்கும். ஒடித்தால் பால் வராது. வேலியில் படரும் கொடிக்கள்ளியை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும், பட்டையும் இராது. இந்த வேறுபாட்டைப் பார்த்துப் பறிக்க வேண்டும்.

கொடியின் நுனியில் உள்ள இளம் கணுக்களே சமையலுக்கு ஏற்றவை. இதில் ஊசி போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருப்பதால் கையிலும் நாக்கிலும் அரிப்பு உண்டாகும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவையும் ஓரத்து நாரையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, எண்ணெயில் நிறம் மாறும்வரை நன்கு வதக்கி, புளி சேர்த்துத் துவையலாக அரைக்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் தொண்டை அரிக்கும்.

மூக்கிரட்டையும் சாரணையும்

மூக்கிரட்டைக் கீரையைப் பருப்புடன் கடைந்தும், பொரியலாகவும் உண்ணலாம். தரையோடு படரும் சாரணையைப் பலர் மூக்கிரட்டை என்று எண்ணிப் பறித்துவிடுகிறார்கள். வேறுபாடு எளிது. மூக்கிரட்டையின் பூக்கள் சிறு காம்புகளில் இலையைவிட்டு விலகிக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். காய்கள் பிசுபிசுப்பாகத் துணியில் ஒட்டும். சாரணையின் பூவோ இலைக்கணுவுக்குள் காம்பின்றித் தனித்து ஒளிந்திருக்கும். இலை தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும்.

இளம் சாரணையையும் சில பகுதிகளில் சமைப்பதுண்டு. ஆனால் அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. முற்றினால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். சாரணை, பருப்புக்கீரை போன்ற சதைப்பற்றுள்ள கீரைகளை நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் அமிலம் குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தூதுவளையும் கோவையும்

தூதுவளை முள் நிறைந்த கொடி. ஊதாப் பூவும் சிவந்த சிறு பழமும் இதன் அடையாளம். கோடையில் இலை சிறுத்துவிடும். எனினும் கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நல்ல தழை கிடைக்கும். இலையின் முள்ளைக் கத்தரித்து நீக்கி, நெய்யில் வதக்கித் துவையலாகவும் இரசமாகவும் பயன்படுத்தலாம்.

கோவையின் இளந்தழையும் பிஞ்சும் கறிக்கு உதவும். வேலிக் கோவையில் சில கொடிகளின் காய் கசக்கும். கசக்காத கொடியை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாகச் சுரை, வெள்ளரி, கோவை இனத்தில் எந்தக் காயும் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். அது நச்சுக் கசப்பு, சமைத்தாலும் போகாது.

வேப்பம்பூவும் கோடை வெயிலும்

வேம்பு மாசி, பங்குனியில் பூக்கத் தொடங்கும். மாலையில் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்துவைத்தால் மறுநாள் காலையில் பூ சேர்ந்திருக்கும். தூசி நீக்கி, இரண்டு மூன்று நாள் உலர்த்தி, ஈரம் புகாத பாத்திரத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுவரை இரசத்துக்கு உதவும்.

வேப்பம்பூ உணவுதான், ஆனால் வேப்பெண்ணெய் அப்படியன்று. கைக்குழந்தைகளுக்கு மாந்தம் என்றும் சளி என்றும் வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டும் பழக்கம் சில வீடுகளில் உள்ளது. இதனால் வலிப்பும், மூளை, கல்லீரல் பாதிப்பும், உயிரிழப்பும் நேர்ந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது.

கோடை வெயிலை நாம் பயன்படுத்திக்கொள்ள மற்றொரு வழி வற்றல். சுண்டைக்காயைக் காம்பு நீக்கி, இலேசாகத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைக்க வேண்டும். பகலில் காயை மட்டும் எடுத்து வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போடவேண்டும். மோர் முழுவதும் ஏறியபின் சலசலவென்று ஓசை வரும்வரை காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். மணத்தக்காளிக் காயையும் இவ்வாறே செய்யலாம். மணத்தக்காளியின் பச்சைக் காயைச் சிறுவர்கள் அப்படியே தின்னக் கூடாது. நன்கு பழுத்த பழத்தைத்தான் பச்சையாக உண்ணலாம்.

கோடையின் பிற்பகுதியில் கரடுகளிலும் தரிசுகளிலும் களாவும், ஓடைக்கரைகளில் ஈச்சம்பழமும், அடுத்து நாவலும் வரும். களாக்காய் ஊறுகாய்க்கு மிகவும் ஏற்றது.

நன்னாரி

கோடையில் அதிகம் தேடப்படும் வேர் இது. மெல்லிய கொடி. இலைகள் எதிரெதிராக, நடுநரம்பை ஒட்டி வெண்மை படர்ந்து இருக்கும். ஒடித்தால் பால் வரும். வேரின் இனிய மணமே உறுதியான அடையாளம். நன்னாரியைப் போலவே தோன்றும் வேறு பால்கொடிகளும் உண்டு. மணம் இல்லாத வேரைக் கொடி ஒத்திருக்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.

வேரைக் கழுவி, தட்டி, உள்ளிருக்கும் கட்டை போன்ற நரம்பை நீக்கிவிட்டு, மண்பானை நீரில் போட்டு வைத்தால் நல்ல குடிநீராகும். ஆனால் இது தாகத்துக்குத்தான். வெயிலில் வேலை செய்தவர் மயங்கி விழுந்தாலோ, உடல் கொதித்துப் பேச்சுக் குழறினாலோ, நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வியாபாரிகள் விலை கொடுக்கிறார்கள் என்று நன்னாரியைத் தூரோடு பறித்துவிடுவதால், முன்பு நிறைய இருந்த ஊர்களிலும் இது அரிதாகி வருகிறது. கொடியின் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, பக்கவேர்களில் ஒரு பகுதியை எடுத்து, தூரையும் தாய்வேரையும் விட்டு மண்ணை மூடிவிட வேண்டும். அவ்வாறு செய்தால் மழைக்கு மறுபடியும் தழைக்கும்.

கோடை உழவில் மேலே வரும் நஞ்சு

கோடையில் மிகக் கவனமாக இருக்க வேண்டியது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள், கலப்பைக்கிழங்கு என்றும் இதைச் சொல்வார்கள். மாநில மலராக இருப்பதும், விதைக்காகப் பல இடங்களில் பயிரிடப்படுவதும் இதுவே. மழைக்காலத்தில் தீநாக்குப் போன்ற பூவைக் கண்டும், நுனி சுருண்ட இலையைக் கண்டும் எவரும் அடையாளம் சொல்லிவிடலாம். கோடையிலோ கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கோடை உழவின்போதும், வேலி ஓரத்தைக் கொத்தும்போதும் அது மேலே வந்து கிடக்கும். காட்டு வள்ளிக்கிழங்கு என்றோ, தண்ணீர்விட்டான் கிழங்கு என்றோ எண்ணி எடுத்துவிடும் ஆபத்து இப்போதுதான் அதிகம்.

கண்வலிக்கிழங்கு இரு கிளையாகக் கலப்பை போல் வளைந்திருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்குகளோ ஒரே தூரில் பல, கொத்தாக, இரு முனையும் கூம்பியிருக்கும். ஆயினும் உருவத்தை மட்டும் நம்பக் கூடாது. மேலே கொடி இல்லாத கிழங்கு எதுவானாலும் அதைச் சமைக்கக் கூடாது.

இதில் உள்ள கால்சிசின் என்னும் நஞ்சு சில மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். கடும் வாந்தியும் காலரா போன்ற வயிற்றுப்போக்கும் தோன்றும். பேதி நின்றதும் குணமாகிவிட்டது என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டால், அடுத்த நாட்களில் இரத்தமும் சிறுநீரகமும் இதயமும் கெட்டு மரணம் நேரலாம். வீட்டு வைத்தியம் எதுவும் இதற்குப் பயன்படாது. தின்றது தெரிந்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திராமல், 108 வண்டியை அழைக்க வேண்டும். மீதிக் கிழங்கையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மணற்பாங்கான தரிசில் கொடியோடு கிடக்கும் பேய்க்குமட்டி, குட்டித் தர்ப்பூசணி போலத் தோன்றிச் சிறுவர்களை ஏமாற்றும். குடலைப் புண்ணாக்கும் கடும்பேதியை உண்டாக்கும். ஊமத்தை, குன்றிமணி, அரளி, காட்டாமணக்கு, வடமாவட்டக் காடுகளில் உள்ள ஒடுவந்தழை ஆகியவற்றையும் வீட்டில் உள்ள சிறுவர்களுக்கு நேரில் காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும்.

பழைய நம்பிக்கைகள்

ஆடு கடித்தால் மனிதனும் தின்னலாம், பறவை தின்றால் நஞ்சில்லை என்று சொல்வதுண்டு. இது சரியன்று. எருக்கந்தழையை ஆடு கடிக்கும். எட்டிப்பழத்தின் சதையைப் பறவைகள் தின்னும். அதன் விதையோ கொடிய நஞ்சு. பால் வடிந்தால் நஞ்சு என்பதும் பொருந்தாது. நன்னாரிக்கும் களாவுக்கும் பால் உண்டு, பேய்க்குமட்டிக்குப் பால் இல்லை. இலை, பூ, காய், மணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துச் செடியை முழுமையாக அறிவதே வழி. ஊரில் அனுபவம் உள்ள மூதாட்டிகள் இதில் நல்ல ஆசிரியர்கள். ஐயம் இருந்தால் செடியை வேரோடும் பூவோடும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

கைமருந்து எதுவரை?

கீரையாக உண்பது வேறு, மருந்தாக நாள்தோறும் கஷாயம் குடிப்பது வேறு. ஆவாரம்பூ நீர் குடிக்கிறோம் என்று சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மூக்கிரட்டை வேர் சிறுநீரைப் பெருக்கும் என்று சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் வேர், பட்டை, விதைக் கஷாயங்களைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. புதிதாக உண்ணும் கீரையை முதல்முறை சிறிதளவு மட்டும் உண்டு பார்ப்பது நல்லது.

ஒரு சென்டில் வேலித்தோட்டம்

இச்செடிகளை ஆண்டுதோறும் தேடி அலைவதைவிட வேலி ஓரத்தில் ஒரு சென்ட் இடம் ஒதுக்கி வளர்ப்பது சாலச் சிறந்தது. இரண்டு மூன்று கணு உள்ள பிரண்டைத் துண்டை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு ஊன்றினால் போதும். தூதுவளையை நன்கு பழுத்த பழத்தின் விதையிலிருந்தும், நன்னாரியை வேர்த்துண்டிலிருந்தும், கசக்காத கோவையைத் தண்டுத் துண்டிலிருந்தும் வளர்க்கலாம். பருவமழை தொடக்கம் நடவுக்கு ஏற்ற சமயம். கோடையில் குளிக்கும் நீரைத் திருப்பிவிட்டால் தூதுவளையும் கோவையும் வாடாமல் தழைக்கும்.

இந்த மூலைக்கு மட்டும் களைக்கொல்லி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பறிக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்குமேல் தழை எடுக்காமல், விதைக்கு ஒன்றிரண்டு செடிகளை விட்டுவைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் காய்கறி வாங்கக் கையில் காசில்லாத நாட்களிலும் வீட்டில் கீரைக்குப் பஞ்சம் இராது.