நோயறிதலுக்கு முந்தைய மூட்டுவலி

நோயறிதலுக்கு முந்தைய மூட்டுவலி என்பது மூட்டுகளில் வலி, விறைப்பு, வீக்கம் ஆகியவை தோன்றியும், அவற்றுக்குக் காரணமான நோய் எது என்று இன்னும் உறுதிசெய்யப்படாத நிலையைக் குறிக்கும். மருத்துவர் வீக்கத்தைக் கண்டறிந்த பின்னும் குறிப்பிட்ட நோய் எதிலும் அது சேராதபோது, அது ‘வகைப்படுத்தப்படாத மூட்டழற்சி’ எனப்படுகிறது. இந்நிலை சில வாரங்களிலிருந்து பல மாதங்கள் வரை நீடிக்கலாம். சரவாங்கி என்றும் அழைக்கப்படும் முடக்குவாதம் இருக்குமோ என்ற ஐயத்துடன் பலர் இக்காலத்தைக் கடக்கின்றனர்.

உடனே உறுதிசெய்ய முடியாததற்கான காரணங்கள்

மூட்டுவலிக்குக் காரணங்கள் பல. முடக்குவாதம், சொரியாசிசு சார்ந்த மூட்டழற்சி, லூபசு, யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம், மூட்டுத் தேய்மானம், தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைபாடு ஆகியவை அவற்றுள் சில. தொடக்கத்தில் இவற்றுள் பல ஒன்றுபோலவே தோன்றும்.

வைரசுக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டுவலி குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டு பரவிய சிக்குன்குனியாவில் காய்ச்சல் சில நாள்களில் தணிந்தபோதும், பலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது. கைவிரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றைப் பாதிப்பதால் அது முடக்குவாதம் போலவே தோன்றக்கூடும். வைரசால் வரும் மூட்டழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிவதால், வலி 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்பதை மருத்துவர்கள் கவனிக்கின்றனர்.

பரிசோதனைகள் காட்டுவதும் காட்டாததும்

முடக்குவாதத்தை ஒரே இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யவோ மறுக்கவோ முடியாது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய சோதனைகள் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டுமே தவிர, அதன் காரணத்தைக் காட்டா. ஆர்.ஏ. ஃபேக்டர் முதியோர் சிலருக்கும், காசநோய், கல்லீரல் அழற்சி போன்ற வேறு நோய் உள்ளோருக்கும் காணப்படலாம். ஆன்டி சி.சி.பி. சோதனை இதைவிடத் துல்லியமானது. எனினும் முடக்குவாதம் உள்ளவர்களிலும் ஒரு பகுதியினருக்கு இவ்விரு சோதனைகளும் ‘இல்லை’ என்றே வரும். தொடக்கக் கட்டத்தில் எக்சு-கதிர்ப் படமும் இயல்பாகவே இருக்கலாம்.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இணைந்து 2010 இல் வெளியிட்ட வரையறையின்படி 10 புள்ளிகளில் 6 பெற்றால் முடக்குவாதமாக வகைப்படுத்தலாம். பாதிக்கப்பட்ட மூட்டுகளின் எண்ணிக்கைக்கு 5, எதிர்ப்பொருள் சோதனைகளுக்கு 3, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.க்கு 1, நோய் நீடித்த காலத்துக்கு 1 என இப்புள்ளிகள் பகுக்கப்பட்டுள்ளன. நோயாளி கூறும் விவரங்களும் மருத்துவர் கையால் தொட்டு அறிவதும் எவ்வளவு முக்கியம் என்பதை இப்பகுப்பே காட்டுகிறது.

காலத்தின் முக்கியத்துவம்

முடக்குவாதத்தில் தொடக்க மாதங்களிலேயே எலும்பு அரிப்பு ஏற்படத் தொடங்கலாம். எனவே மூட்டு வீக்கம் உள்ளவர் 6 வாரங்களுக்குள் வாதநோய் மருத்துவரைக் காண்பதும், நோய் நிலைக்கும் வாய்ப்பு இருப்பின் 3 மாதங்களுக்குள் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடங்குவதும் நல்லது என ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. நோயின் பெயர் உறுதியாகும் வரை சிகிச்சையும் காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்கவை

குறிப்பேடு: அழற்சியால் வரும் விறைப்பு காலையில் மிகுந்து, அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாட்டத்தால் குறையும். தேய்மானத்தால் வரும் வலி பெரும்பாலும் உழைப்பால் கூடி, ஓய்வால் குறையும். காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாதவர், நண்பகலில் மருத்துவர்முன் அமரும்போது இயல்பாகத் தோன்றலாம். ஆகவே எந்தெந்த மூட்டு, எத்தனை மணி வரை விறைப்பு, வீக்கம் உண்டா என்பனவற்றை நாள்தோறும் எழுதி வைப்பதும், வீக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் நோயறிதலுக்கு நேரடியாக உதவும்.

மருந்து: டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகவே தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இவற்றைத் தவிர்க்க வேண்டும். பெயர் அச்சிடப்படாத பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது வீக்கத்தை மறைத்து நோயறிதலைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

அன்றாட வேலை: காலையில் கைகளை வெதுவெதுப்பான நீரில் வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவது விறைப்பைத் தணிக்கும். வாளியைப் பாதி நிரப்பி இரு கைகளாலும் தூக்குவது, துணியைக் கையால் முறுக்கிப் பிழியாமல் நீர் வடியவிடுவது, கடினமான வேலைகளை நாள் முழுவதும் பிரித்துச் செய்வது ஆகியவை மூட்டின் சுமையைக் குறைக்கும். முழு ஓய்வு தசைகளைத் தளர்த்திவிடும் என்பதால் இயன்ற அளவு நடப்பது நல்லது.

குடும்பமும் பணியிடமும்: வெளியே தெரியாத வலியைச் சோம்பல் என்றோ மனப்பிரமை என்றோ பிறர் கருதுவது உண்டு. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிப்பதால், வீட்டுவேலையின் சுமையோடு இச்சொற்களையும் பெண்களே அதிகம் தாங்க நேர்கிறது. பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதால் வலி பொய்யாகிவிடாது. ‘வலிக்கிறது’ என்று மட்டும் கூறாமல், ‘காலை 9 மணி வரை குடத்தைத் தூக்க முடியாது’ என்று குறிப்பாகக் கூறினால், எந்த வேலையைப் பகிர வேண்டும் என்பது பிறருக்குப் புரியும். உறக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால் அதையும் மருத்துவரிடம் கூறுவது அவசியம்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

• ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலுடன் வீங்குதல்
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்
• கை கால் மரத்துப்போதல் அல்லது செயலிழத்தல்
• கண் சிவந்து வலித்தல், பார்வை மங்குதல்
• கறுப்பு நிற மலம் அல்லது இரத்த வாந்தி

காரணமின்றி உடல் எடை குறைந்தால் அதையும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பின்விளைவு

வகைப்படுத்தப்படாத மூட்டழற்சி உள்ள அனைவருக்கும் முடக்குவாதம் வருவதில்லை. ஒரு பகுதியினருக்கு அது முடக்குவாதமாக மாறுகிறது, சிலருக்கு வேறு நோயாக வெளிப்படுகிறது, பலருக்குத் தானாகவே மறைகிறது. முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மருத்துவரைக் காண்பதை நிறுத்திவிடக் கூடாது. வீக்கம் தொடர்ந்தாலோ புதிய மூட்டுகளுக்குப் பரவினாலோ, குறிப்பேட்டுடன் மீண்டும் செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் வாதநோய்க்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனி நிலையம் இயங்குகிறது.