மார்பகத்தில் வலி, காரணம் விலாவில்!

மார்பகத்தில் வலி தோன்றியதுமே பெரும்பாலான பெண்களின் மனம் புற்றுநோயைத்தான் எண்ணுகிறது. சிலர் உடனே மருத்துவரை நாடுகின்றனர். பலர் அச்சத்தாலும் கூச்சத்தாலும் வெளியே சொல்லாமலேயே இருந்துவிடுகின்றனர். ஆனால், மார்பகத்தில் உணரப்படும் வலி எல்லாமே மார்பகத்தில் தோன்றுவதல்ல என்கிற உண்மை இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

இந்த வலியை மருத்துவம் மூன்றாகப் பகுக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டிக் கூடிக் குறைவது முதல் வகை. அச்சுழற்சியோடு தொடர்பின்றி மார்பகத்திலேயே தோன்றுவது இரண்டாவது. எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றில் பிறந்து மார்பகத்தில் உணரப்படுவது மூன்றாவது.

மூன்றாவது வகைக்கான காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. மார்பகம் மார்புத் தசையின் மேல் அமைந்துள்ளது. அதற்கு அடியில் விலா எலும்புகள். அவற்றின் இடையே ஓடும் நரம்புகளின் கிளைகளே மார்பகத்துக்கும் உணர்ச்சியைத் தருகின்றன. எனவே, விலா எலும்பும் குருத்தெலும்பும் சேருமிடத்தில் அழற்சி ஏற்பட்டால், அது மார்பக வலியாகவே தோன்றக்கூடும். வீக்கத்துடன் வரும் இத்தகைய பாதிப்பை ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921-இல் விவரித்தார். வீக்கமின்றி வரும் அழற்சி அதைவிடப் பரவலானது. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் நரம்பு அழுத்தப்பட்டாலும் வலி மார்புக்குப் பரவலாம்.

இவ்வலி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இருக்கும். பாரம் தூக்கும்போதும், கையை உயர்த்தும்போதும், இருமும்போதும் மிகும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, மார்பகம் விலகிய நிலையில் மருத்துவர் விலாவை அழுத்தும்போது அதே வலி எழுந்தால், மூலம் எதுவெனப் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஓய்வு, ஒத்தடம், வலிநிவாரணக் களிம்பு, இயன்முறைப் பயிற்சி ஆகியவையே பலருக்குப் போதுமானவை.

இதில் பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர்; ஆண்கள் 88 நிமிடங்கள். குடம் சுமப்பதும், குழந்தையை இடுப்பில் ஏந்துவதும், குனிந்து துவைப்பதும் எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆனால், அந்த உழைப்பின் சுமை தோளிலும் விலாவிலும் பதிவாகிறது. அதனால்தான், 'வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாத நிலை மருத்துவச் சந்தையின் அடிப்படைச் சிக்கல் என்பதை 1963-இல் கென்னத் ஆரோ விளக்கினார். அந்த இடைவெளியை அச்சம் நிரப்பும்போது, வசதியுள்ளவர் தேவையற்ற பரிசோதனைகளுக்குச் செலவிடுகிறார். வசதியற்றவர் வலியோடு வாழப் பழகிக்கொள்கிறார்.

அதற்காக, எந்த வலியையும் அலட்சியப்படுத்திவிடலாம் என்பதல்ல. கட்டி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றிப் பரிசோதனை தேவை. மார்பு இறுக்கத்துடன் வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது இதயம் சார்ந்த அவசரநிலையாக இருக்கலாம். வலியின் காரணத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். வலியை மறைக்காமல் சொல்லும் துணிவைப் பெண்ணுக்குத் தர வேண்டியது குடும்பம்.