நம்மூரு எந்த ஆபீஸ்ல சேர்த்தி?

“உனக்கு எந்த ஊருப்பா?” என்று கேட்டால், “கடப்பாக்கம்” என்று சட்டென்று சொல்லி விடுகிறோம். “அது எந்த ஊராட்சி?” என்று அடுத்த கேள்வி வந்தால்தான் முழிக்கிறோம். கடப்பாக்கம் தனி ஊராட்சி அல்ல. பல சிற்றூர்கள் சேர்ந்த இடைக்கழிநாடு பேரூராட்சியின் ஒரு பகுதி.

இடைக்கழிநாடு என்ற பெயரே ஒரு பூகோளப் பாடம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழி, இடையில் மணல் மேட்டில் நாம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆக, பேரூராட்சி ரசீதில் இருக்கும் பெயரும் சங்கப் புலவரின் முகவரியும் ஒன்றே!

இனி ஆலம்பரைக் கோட்டைக்கு வருவோம். கழி கடலில் சேரும் இடத்தருகே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் இங்கே துறைமுகமும் நாணயச்சாலையும் இருந்தன. 1750ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760ல் ஆங்கிலேயர் பிடித்து, கோட்டையை இடித்தார்கள். 2004ல் சுனாமியும் இந்தக் கரையில் மோதியது. மிச்சம் நிற்கும் சுவர்களில் காதலர் பெயரைக் கீறுவது நம்மவர் செய்யும் கைங்கரியம்!

ஆட்சி மாறிய கதை அதோடு முடியவில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். மனுவில் எழுதும் மாவட்டம்தான் மாறியது.

சரி, மனுவை யாரிடம் கொடுப்பது? தெருவிளக்கு, குடிநீர், குப்பை என்றால் பேரூராட்சிச் செயல் அலுவலர். பட்டா, சாதிச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் செய்யூர் வட்டாட்சியர். படகு, வலை மானியம் என்றால் மீன்வளத் துறை. கோட்டை என்றால் தொல்லியல் துறை. இது தெரியாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தவறான வாசலில் நின்று திரும்புகிறவர்கள் நம் அப்பா அம்மாக்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. பார்வைக்கு நாம் பட்டிக்காடு. சட்டக் கணக்கில் பேரூராட்சி என்பது நகர்ப்புறம். 1992ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்களில் 73ஆவது கிராம ஊராட்சிகளுக்கு, 74ஆவது நம்மைப் போன்ற நகர்ப்புற அமைப்புகளுக்கு. அதனால்தான் 2005ல் சட்டமாக வந்த நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கென்று அமைந்தது. “பக்கத்து ஊருக்கு உண்டு, எங்களுக்கு ஏன் இல்லே?” என்று பாட்டி கேட்டதற்கு விடை இதுதான்.

நண்பர்களே, சர்வே செயின் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய், மிஞ்சிய சுவரை அளந்து, படம் வரைந்து வைப்போம். ஒரு மாலை நேரம் தெருத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேருக்குச் சரியான அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்போம். ஊர்ப்பற்று என்பது அதுதான்!