ஒரே ஆள், மூன்று போட்டி: கயாக், கேனோ, கயாக் கிராஸ் மூன்றிலும் இறங்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக். ஜூலை 28 அன்று கயாக் ஸ்லாலமில் தங்கம். ஜூலை 31 அன்று கேனோ ஸ்லாலமில் இன்னொரு தங்கம். ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் அதோடு நிறுத்தவில்லை; மூன்றாவதாக ‘கயாக் கிராஸ்’ போட்டியிலும் இறங்கினார். ஆனால், அதில் காலிறுதியைக்கூட எட்டவில்லை. ஹீட் சுற்றில் அவரை முந்திப் போனவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தங்கை நோமி. அதே நோமிதான் ஆகஸ்ட் 5 அன்று அந்தப் போட்டியில் தங்கமும் வென்றார்.

மூன்றும் நடந்தது ஒரே வளாகத்தில், ஒரே தண்ணீரில். இரண்டில் உலகத்தையே ஜெயித்தவர் மூன்றாவதில் ஏன் சீக்கிரமே வெளியேற வேண்டும்? பார்க்கத்தான் மூன்றும் ஒன்று போல இருக்கும். உள்ளே போனால் மூன்றும் வேற வேற.

ஸ்லாலம்னா என்ன?

பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் நீரைத்தான் ‘வொயிட்வாட்டர்’ என்கிறார்கள். இன்று பெரிய போட்டிகள் பெரும்பாலும் செயற்கைக் கால்வாய்களில் நடக்கின்றன. பம்ப் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, சரிவில் விடுகிறார்கள். நடுவே தடுப்புக் கட்டைகளைப் பொருத்தி அலையும் சுழலும் உண்டாக்குகிறார்கள்.

அந்தக் கால்வாயின் மேல் 18 முதல் 25 வரை ‘கேட்’கள் தொங்கும். ஒரு கேட் என்பது பெரும்பாலும் மேலிருந்து தொங்கும் இரண்டு கம்பங்கள். பச்சை - வெள்ளை கம்பம் என்றால் நீரோட்டத்தோடு போக வேண்டும். சிவப்பு - வெள்ளை என்றால் நீரோட்டத்தை எதிர்த்து, கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். ஒவ்வொருவராகத்தான் இறங்குவார்கள். எதிராளி கடிகாரம் மட்டுமே.

கம்பத்தில் துடுப்போ, படகோ, உடம்போ பட்டால் 2 விநாடி அபராதம். கேட்டைத் தவறவிட்டால் 50 விநாடி. அதாவது கதை முடிந்தது.

2 விநாடிதானே என்று தோன்றலாம். டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கயாக் இறுதிச் சுற்றைப் பாருங்கள். ஜெர்மனியின் ரிகார்டா ஃபுங்க் 105.50 விநாடியில் தங்கம் வென்றார். ஸ்பெயினின் மயாலென் சோர்ராவுட் 106.63-ல் வெள்ளி. ஜெசிகா ஃபாக்ஸ் 106.73-ல் வெண்கலம். ஃபாக்ஸின் கணக்கில் 4 விநாடி அபராதம் இருந்தது. அதைக் கழித்தால் 102.73. மூவரிலும் அதுதான் வேகமான ஓட்டம். கம்பத்தில் இரண்டு உரசல், தங்கம் வெண்கலமானது.

கயாக்குக்கும் கேனோவுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்லாலமில் இரண்டு படகுகளும் தூரத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரி மெலிதாக, மேலே மூடியபடி இருக்கும். உட்காரும் விதத்தையும் துடுப்பையும் பார்த்தால்தான் புரியும்.

கயாக்கில் காலை முன்னே நீட்டி உட்கார வேண்டும். துடுப்பின் இரண்டு முனையிலும் அலகு இருக்கும். இடம், வலம் என்று மாறி மாறி வலிக்கலாம். கேனோவில் முழங்காலிட்டு, குதிகால் பக்கமாக உடம்பை இருத்த வேண்டும். துடுப்புக்கு ஒரு முனையில் மட்டுமே அலகு. வலப்பக்கம் துடுப்பு போடுபவருக்கு இடப்பக்கம் தேவை வந்தால், பிடியை மாற்றாமல் உடம்பை முறுக்கி படகின் குறுக்கே எட்டிப் போட வேண்டும். சிலர் நடுவிலேயே கையை மாற்றிப் பிடிப்பார்கள். ஆனால் கொந்தளிக்கும் நீரில் துடுப்பு தண்ணீரில் இல்லாத ஒவ்வொரு நொடியும் ஆபத்துதான்.

அதனால் ஒரே கேட் வரிசைக்கு இரண்டு திட்டம் தேவைப்படுகிறது. கயாக்கில் நேராகப் போகிற இடத்தில், கேனோவில் சுற்றி வர வேண்டியிருக்கலாம். கேனோவில் இடுப்பு உயரத்தில் இருப்பதால் பார்வை நன்றாகக் கிடைக்கும். சமநிலைதான் கொஞ்சம் கையை விட்டுப் போகும். முழங்கால், கணுக்கால் வலியும் இலவசம். ஆக, இரண்டிலும் போட்டியிடுபவர் இரண்டு உடம்பைப் பழக்குகிறார் என்றே சொல்லலாம்.

கயாக் கிராஸ்: இது வேற லெவல்

பாரிஸில்தான் இது ஒலிம்பிக்குக்கு அறிமுகமானது. இங்கே நான்கு பேர் ஒன்றாகப் போட்டியிடுகிறார்கள். உயரமான சாய்தளத்தில் நான்கு படகுகளும் நிற்கும். மணி அடித்ததும் நால்வரும் படகோடு தண்ணீரில் விழுவார்கள். பிறகு முட்டல், மோதல், முந்தல். முதல் இருவர் அடுத்த சுற்றுக்கு. மற்ற இருவர் வீட்டுக்கு.

தொங்கும் கம்பத்துக்குப் பதில் காற்றடைத்த பெரிய மிதவைகள். அவற்றைத் தொட்டால் அபராதம் இல்லை. சுற்றாமல் விட்டால்தான் தவறு. வழியில் ஓரிடத்தில் ஒவ்வொருவரும் தலைகீழாகக் கவிழ்ந்து, தண்ணீருக்கு அடியில் முழுச் சுற்று சுற்றி எழ வேண்டும். அதுவும் விதி.

படகும் வேறு. ஸ்லாலம் படகு கார்பன் இழையால் ஆனது, இறகு மாதிரி. மோதினால் முனை உடையும். டோக்கியோவில் தன் கயாக்கின் முனையில் பூசிய பூச்சு நழுவாமல் இருக்க, ஆணுறையை மாட்டி இழுத்துவிட்ட காட்சியை ஃபாக்ஸ் பகிர்ந்தது வைரலானது நினைவிருக்கலாம். கிராஸ் படகு பிளாஸ்டிக்கில் செய்தது. தடிமன், கனம், உருண்ட முனை. இடி தாங்கும். ஆனால் திருப்புவதற்குத் தோள் பலம் வேண்டும்.

பெரிய வித்தியாசம் மனசில் இருக்கிறது. ஸ்லாலமில் எல்லாத் தவறும் உங்களுடையது. கிராஸில் நீங்கள் சரியாகச் செய்தாலும் பக்கத்துப் படகு வந்து இடித்தால் வரிசை மாறிவிடும். துல்லியத்துக்குப் பழகிய மூளை, சில நாள் இடைவெளியில் தெருச்சண்டைக்குத் தயாராக வேண்டும். ஃபாக்ஸ் வெளியேறியதை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும்.

அப்போ எது பொதுவானது?

தண்ணீரைப் படிக்கும் திறமை. கல்லில் மோதும் நீர் அதன் பின்பக்கம் திரும்பி வந்து ஒரு அமைதியான பை மாதிரி நிற்கும். ‘எடி’ என்பார்கள். எதிர்நீச்சல் கேட்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எந்தக் கோணத்தில் நுழைந்தால் தண்ணீரே உங்களைச் சுழற்றி வெளியே தள்ளும் என்று தெரிந்தவர் வலிமையை மிச்சப்படுத்துவார்.

இன்னொன்று, ஸ்லாலமில் கேட்கள் அமைக்கப்பட்ட பிறகு அந்தப் பாதையில் பயிற்சி கிடையாது. கரையில் நின்று பார்த்து, முன்னோட்டம் காட்டுபவர்களைக் கவனித்து, கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். பாதையைக் கரையிலிருந்தே வாசிக்கும் இந்தப் பழக்கம் எந்தப் படகிலும் கைகொடுக்கும்.

பெண்களுக்கு இந்தக் கதவு திறந்தது அண்மையில்தான்

ஸ்லாலம் ஒலிம்பிக்கில் முதலில் இடம்பெற்றது 1972-ல். அடுத்து 1992-ல்தான் திரும்பி வந்தது. ஆண்களுக்கு மூன்று போட்டிகள். பெண்களுக்கு கயாக் மட்டும். 2016 ரியோ வரை இதே நிலைதான். டோக்கியோவில் ஆண்களின் இரட்டையர் கேனோவை எடுத்துவிட்டு, பெண்கள் கேனோவைச் சேர்த்தார்கள். அதன் முதல் தங்கம் ஜெசிகா ஃபாக்ஸுக்கு.

அவருடைய அம்மா மிரியம் 1996 அட்லாண்டாவில் பிரான்ஸுக்காகக் கயாக்கில் வெண்கலம் வென்றவர். மகளின் பயிற்சியாளரும் அவரே. அப்பா ரிச்சர்ட் பிரிட்டனின் முன்னாள் உலக சாம்பியன். அம்மா விளையாடிய காலத்தில், இரண்டாவது படகில் ஏறி ஒலிம்பிக் பதக்கத்துக்கு முயல அவருக்கு வழியே இல்லை. மகள் 2012 முதல் 2024 வரை சேர்த்த ஆறு பதக்கங்களில் இரண்டு கேனோவில் வந்தவை.

எல்லாவற்றிலும் இறங்குவது சரியா?

லாபம் வெளிப்படை. ஒன்றில் சறுக்கினால் இன்னொன்று இருக்கிறது. டோக்கியோவில் கயாக் தங்கத்தைத் தவறவிட்ட ஃபாக்ஸ், அதே வாரத்தில் கேனோவில் மீண்டது இப்படித்தான். அமெரிக்காவின் ஈவி லைப்ஃபார்த்தும் பாரிஸில் மூன்றிலும் இறங்கினார். கேனோவில் வெண்கலம் கிடைத்தது.

நஷ்டமும் உண்டு. பயிற்சி நேரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஓய்வு நாளே இல்லாமல் போகும். மூன்றுக்கும் தனித்தனிப் படகு, செலவும் அதற்கேற்ப.

அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம்: இடம். ஒலிம்பிக்கில் கயாக், கேனோ ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக்கு ஒரு படகுதான். ஒரே ஆள் இரண்டையும் எடுத்துக்கொண்டால், அதே நாட்டின் அடுத்த வீராங்கனைக்கு என்ன மிஞ்சும்? நோமிக்கு நடந்தது அதுதான். அக்கா இருக்கும்வரை அந்த இரண்டு வாசலும் மூடியே இருந்தன. கயாக் கிராஸ் வந்த பிறகுதான், 2024 ஜூனில் பிராகில் நடந்த கடைசித் தகுதிப் போட்டி வழியாக அவர் பாரிஸுக்குள் நுழைந்தார். திறந்த ஒரே வாசல் வழியே வந்தவர் தங்கத்தோடு திரும்பினார்.

நம்ம பக்கத்தில்?

கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி பகுதியில், மழைக்காலத்தில் சாலிப்புழா பொங்கும்போது மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிறது. ஸ்லாலம், நேருக்கு நேர் கிராஸ், நீண்ட தூர ஆற்றோட்டம் எனப் பல பிரிவுகள். ஒட்டுமொத்தமாகச் சிறந்தவர்களுக்கு ‘ரேபிட் ராஜா’, ‘ரேபிட் ராணி’ பட்டம். எல்லாப் பிரிவிலும் தேறுபவரைத் தேடும் போட்டி என்பதால், இந்தக் கட்டுரையில் சொன்ன சிக்கல் எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள மகேஷ்வரில் கேலோ இந்தியா இளையோர் போட்டிக்கான கேனோ ஸ்லாலம் நடந்திருக்கிறது.

அடுத்த முறை பார்க்கும்போது...

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் சுமார் 2,000 கி.மீ. தள்ளி, ஓக்லஹோமா சிட்டியில் நடக்கவுள்ளன. போனில் பார்க்கும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, சிவப்புக் கம்பத்தில் திரும்பும் நேரம். பதக்கம் பெரும்பாலும் அங்கேதான் போகும், வரும். இரண்டு, திரையில் நேரத்துக்குப் பக்கத்தில் தெரியும் அபராத எண். மூன்று, கிராஸில் முதலில் போகிறவரை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஆளைப் பாருங்கள். உண்மையான சண்டை அவர்களுக்குள்தான்.