புறம்போக்கு நிலத்தில் ஒரு ரயில் பாதை

சென்னையில் ரயிலைப் புறநகருக்கு நீட்டும் பேச்சு எழும்போதெல்லாம் ஊர் இரண்டு கட்சியாகிவிடுகிறது. விமான நிலையத்தோடு நின்றுபோன மெட்ரோ கிளாம்பாக்கம் வரை வந்தே தீர வேண்டும் என்கிறார்கள் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்து மக்கள். லஸ் முனையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் ஆண்டுக்கணக்காக மெட்ரோ வேலையின் தகரத் தடுப்புகளுக்கு நடுவே நடந்து அலுத்தவர்களுக்கு, யாருக்கோ வரப்போகும் ரயிலுக்கு நாம் ஏன் தூசி தின்ன வேண்டும் என்ற எரிச்சல். இரு தரப்பும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிலையம், எத்தனை கோடி என்றே வாதிடுகின்றன. பாதைக்கான நிலம் எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு ரயில் பாதை பிழைப்பதும் பாழாவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது. அதற்கு வேறு ஊரில் சான்று தேட வேண்டாம். மயிலாப்பூர் வழியாகவே ஓடுகிறது பறக்கும் ரயில்.

முதலில் ஒரு பழைய வெற்றி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1920களில்தான், மயிலாப்பூர் ஏரி என்ற நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கியிருந்தார்கள். புதுக் குடியிருப்பின் ஓரத்திலேயே மாம்பலம் ரயில் நிலையம். ரங்கநாதன் தெருவின் கூட்டம் அந்த நிலையத்தின் வாசலில் பிறந்த கூட்டம்தான். செங்கல்பட்டிலிருந்து ஜவுளி வாங்க வருபவர் இறங்கிய கையோடு கடைக்குள் நுழைந்துவிடலாம். ரயிலும் ஊரும் சேர்ந்து வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கூட்டமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஏரியை இழந்தது சரியா என்பது வேறு வழக்கு. ஒவ்வொரு மழைக்காலமும் அதை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பறக்கும் ரயிலுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 1970களில் தீட்டப்பட்ட திட்டம் நகரைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக ரயிலை ஓட்ட நினைத்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது 1995இல், திருமயிலையை எட்டியது 1997இல், திருவான்மியூரை 2004இல், வேளச்சேரியை 2007இல். பத்தொன்பது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். சேப்பாக்கத்துக்குத் தெற்கே இந்தப் பாதை பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக்கொண்டே போகிறது. அங்கே மக்கள் அதிகம் பயணம் செய்தார்கள் என்பதல்ல காரணம். கால்வாய் அரசு நிலம். வீடு இடிக்க வேண்டாம், இழப்பீடு தர வேண்டாம், வழக்கு வராது. காகிதத்தில் இது சிக்கனம்.

அந்தச் சிக்கனத்தின் கணக்கைப் பயணிகள் கால்நடையாகத் தீர்க்கிறார்கள். கலங்கரை விளக்கம் என்ற நிலையத்தில் இறங்கியவர் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க நெடுந்தூரம் நடக்க வேண்டும். அடையாறுக்கு நிலையமே இல்லை; கஸ்தூரிபா நகரிலோ இந்திரா நகரிலோ கால்வாய் ஓரம் இறங்கி, அடையாறு சிக்னலுக்கு ஆட்டோ தேட வேண்டும். தி.நகர் இந்தப் பாதையின் கண்ணிலேயே படவில்லை. திருமயிலை நிலையம் ஒன்று விதிவிலக்கு; கோயிலும் கடைவீதியும் எட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கே கூட்டம் உண்டு. எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. பெருந்தொற்றுக்கு முன்பு பறக்கும் ரயிலில் நாளொன்றுக்குப் பயணம் செய்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 54 கிலோமீட்டர் நீள மெட்ரோவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள், அதாவது நாளுக்குச் சற்றேறக்குறைய மூன்று லட்சம். கிலோமீட்டருக்கு வகுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். மெட்ரோவில் ஐம்பது ரூபாய் வரை. இத்தனை மலிவாக விற்றும் மெட்ரோ அளவுக்குத்தான் கூட்டம் என்றால், ரயில் மக்களிடம் போகவில்லை என்றுதான் பொருள். மெட்ரோவில் குளிர்சாதனம் உண்டு, வண்டியும் அடிக்கடி வருகிறது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்த மெட்ரோ ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை என்று மக்கள் ஏற்கெனவே திரண்டிருக்கும் அண்ணா சாலைக்கு அடியில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கால்வாய் நிலம் இலவசம் என்பதும் பாதி உண்மைதான். அங்கே குடிசைகள் இருந்தன. பட்டா இல்லாதவர்களுக்குச் சந்தை விலையும் இல்லை, நீதிமன்றத்தில் நிற்க வலுவும் இல்லை. பறக்கும் ரயிலுக்காகக் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலவற்றைக் கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டுவேலையும் கூலிவேலையும் பார்த்தவர்கள், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து அதே வேலைக்குப் பேருந்தில் வந்துபோக வேண்டியதாயிற்று. ரயில் வந்தது; அதற்கு இடம் விட்டவர்கள் ரயில் எட்டாத இடத்துக்குப் போனார்கள். கால்வாயும் தன் பங்கைக் கொடுத்தது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டி முடிக்கப்பட்ட நீர்வழியின் நடுவே வரிசையாகத் தூண்கள் முளைத்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தை அந்தத் தூண்கள்தான் கொண்டுவந்தன என்று சொல்வது மிகை. ஆனால் வடிகாலாகப் பயன்பட வேண்டிய கால்வாயை ஒடுக்கியதில் அவற்றுக்குப் பங்கில்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

பிறகு வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கியது. புழுதிவாக்கம், ஆதம்பாக்கம், பரங்கிமலை என்று மூன்றே நிலையம். இது முடிந்தால் செங்கல்பட்டு, தாம்பரம், குரோம்பேட்டையில் ரயில் ஏறுபவர் பரங்கிமலையில் மாறித் தரமணிக்கும் திருவான்மியூருக்கும் போய்விடலாம் என்பது அப்போதைய கணக்கு. பூங்கா நிலையம் வரை வடக்கே போய்த் திரும்பத் தெற்கே வரும் சுற்று மிச்சம். புறநகர்க்காரருக்கு இதைவிடப் பயனுள்ள ஐந்து கிலோமீட்டர் சென்னையில் இருந்ததா என்பது சந்தேகம். நாலரைக் கிலோமீட்டர் முடிந்தும் ஆதம்பாக்கத்தில் சுமார் அரைக் கிலோமீட்டரில் வேலை நின்றது. அங்கே பாதை தனியார் நிலத்தில் போக வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றார்கள். மிச்ச வேலை மீண்டும் உயிர்பெற 2022 ஆனது. 495 கோடி ரூபாயில் முடிய வேண்டிய திட்டம் 700 கோடியைத் தாண்டியது. கால்வாயைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவந்த கேள்வி ஆதம்பாக்கத்தில் வழிமறித்து நின்றது.

சில வீட்டுக்காரர்களின் பேராசையால் ஊரே காத்துக் கிடந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. ஒருவர் வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய மனையை அரசு எடுக்கும்போது அவர் பேரம் பேசுவது பேராசை என்றால், சந்தையில் பாதி விலைகூடத் தேறாத வழிகாட்டி மதிப்பை நீட்டுவதற்கு என்ன பெயர்? 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் நகரப் பகுதியில் மதிப்பிட்ட தொகையோடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. பழைய முறையில் மக்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அரைக் கிலோமீட்டர் நிலத்துக்குத் தொடக்கத்திலேயே தாராளமாகக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவையும், பத்தாண்டுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் சும்மா நின்ற நாலரைக் கிலோமீட்டர் கான்கிரீட்டின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சிக்கனம் என்று தெரிந்துவிடும். அந்தப் பத்தாண்டில் வேளச்சேரி நெரிசலில் கரைந்த நேரத்தை எந்தத் தணிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாருக்கும் நல்ல விலை கொடுத்தால் எந்தத் திட்டமும் கட்டுப்படியாகாது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள்: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்; கிலோமீட்டருக்கு ஐந்நூறு கோடிக்கு மேல். இதில் நிலத்துக்கும் வாரிக் கொடுத்தால் எங்கே போவது? ரயில் வருவதால் ஏறும் நிலமதிப்பில் ஒரு பங்கை ரயிலுக்கே திருப்புவதுதான் உலகம் கண்ட வழி. ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையங்களின் மேலும் பக்கத்திலும் வீடும் கடையும் கட்டி, அந்த வருவாயில் பாதை போடுகிறது. இங்கே அதற்கு இடம் இல்லாமல் இல்லை. பறக்கும் ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் போல விசாலம். கடை வைக்கத்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். பல தளங்கள் இருபது ஆண்டுகள் இருட்டில் கிடந்தன. இருட்டிய பின் அந்தப் படிகளில் பெண்கள் தனியாக ஏறத் தயங்குவதற்கு அந்த வெறுமையும் ஒரு காரணம். வருமானம் தர வேண்டிய இடம் பயணியை விரட்டும் இடமாகிவிட்டது. பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கை அளவில் சம்மதித்திருப்பதில் நம்பிக்கை வைக்க, அந்த வெற்றுத் தளங்கள் இனியாவது வருமானம் தரலாம் என்பதுதான் முக்கியக் காரணம்.

மயிலாப்பூர்க்காரரின் எரிச்சலுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்போதைய தோண்டலில் ஒரு நியாயம் இருக்கிறது: இம்முறை பாதை ஆளில்லாத கால்வாயைத் தேடி ஓடவில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் தடமும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் திருமயிலையில் சந்திக்கின்றன; நிலையம் தரைக்கடியில் சுமார் 35 மீட்டர் ஆழத்தில் அடுக்கடுக்காக அமைகிறது. பூந்தமல்லித் தடம் பனகல் பூங்கா வழியாகப் போவதால் தி.நகரின் நடுவே கடைசியில் ஒரு நிலையம் வருகிறது. சிறுசேரித் தடம் அடையாறு ஆற்றுக்கு அடியில் புகுந்து அடையாறுக்கே வருகிறது. வேலை மெதுவாக நடக்கிறது, நடைபாதையை விழுங்கிவிட்டார்கள், பழைய கட்டடங்கள் அதிர்கின்றன என்ற புகார்கள் எல்லாம் கேட்கத் தகுந்தவை; ஒப்பந்ததாரரைக் கேள்வி கேட்க வேண்டியவை. ஆனால் இது புறநகர்க்காரருக்காக நடக்கிறது என்பது மட்டும் பிழை. உஸ்மான் சாலைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒரு நாள் காலை மாம்பலம் நிலையத்தில் நின்று பார்த்தால் போதும்.

கிளாம்பாக்கத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் அங்கே ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டப் பயணிகள் மூட்டைமுடிச்சுடன் நகரப் பேருந்துக்கு மாறி அவதிப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து அங்கே வரையிலான மெட்ரோவுக்கு இப்போது 15.46 கிலோமீட்டர், 9,335 கோடி ரூபாய் என்று திட்டம் தயாராகியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தூண் நட்டு ஓட்டலாம். பெருமளவு சாலை நிலம். இங்கேதான் உஷாராக வேண்டும். அந்தச் சாலையை ஒட்டியே 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடமும் அதன் நீட்சியும் இருக்கின்றன. சேலையூர், மாடம்பாக்கம் என்று கிழக்கே பெருகிய ஊர்களுக்கு எந்த ரயிலும் இல்லை. அங்கே போக நிலம் வாங்க வேண்டும். கால்வாய்க்குப் பதிலாக நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எளிய வழியில் போகிறோமோ என்ற ஐயம் நியாயமானது. மெட்ரோ வேண்டாம் என்பதல்ல. விமான நிலையத்துக்கும் பேருந்து முனையத்துக்கும் இணைப்பு தேவைதான். ஆனால் கிளாம்பாக்கம் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் அடிக்கடி நின்று புறப்படுவதையும், தாம்பரம் கிழக்குக்கு ஒரு தடம் ஆய்வு செய்வதையும் அதே அறிக்கையில் அருகருகே வைத்துச் செலவு ஒப்பிட்டுக் காட்டாதவரை, ஒன்பதாயிரம் கோடிக்குத் தலையாட்டக் கூடாது.

கட்டணமும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். சிறுசேரித் தடம் ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம் வழியாகப் போகிறது. கண்ணகி நகர் அங்கிருந்து பக்கம். கால்வாய்க் கரையை விட்டுப் போனவர்களின் அடுத்த தலைமுறை அந்த ரயிலில் மந்தைவெளிக்கு வேலைக்கு வரலாம், சீட்டு வாங்க முடிந்தால். பறக்கும் ரயிலின் ஐந்து ரூபாய்ச் சீட்டு மெட்ரோ நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு என்னவாகும் என்பதையும், குறைந்த வருவாய்க்காரருக்கு மாதச் சலுகைச் சீட்டு எல்லாத் தடங்களிலும் செல்லுமா என்பதையும், ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.