இருட்டில் ஓடிய நூறு மீட்டர் ஃபிலிம்

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968-ல் வெளிவந்தபோது, அதன் 70 மி.மீ. பிரதிகளில் தொடக்கத்தில் மூன்று நிமிடம்போலப் படமே இல்லை. அந்த அகல ஃபிலிம் நிமிடத்துக்கு 112 அடி வீதம் ஓடும். கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட நூறு மீட்டர் நீளத்துக்கு வெறும் கறுப்பு. ஆனாலும் அது வெற்று ஃபிலிம் அல்ல. அதில் பூசியிருந்த காந்தப் பட்டைகளில் ஆறு தடங்களாக ஒலி பதிந்திருந்தது. திரையில் ஒன்றும் தெரியாத நேரத்தில் அரங்கு முழுக்க இசை நிறைந்திருந்தது.

இதற்கு ஓவர்ச்சர் என்று பெயர். ஐரோப்பிய ஓபராவிலிருந்து சினிமாவுக்கு வந்த வழக்கம். முன்பதிவு இருக்கைகள், குறைந்த காட்சிகள், அச்சிட்ட நினைவு மலர் என்று 'ரோட்ஷோ' முறையில் பெரிய படங்களை வெளியிட்ட காலத்தில் அது ஒரு மரியாதை. 'கான் வித் த விண்ட்' (1939), 'பென்ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) எல்லாமே இப்படித்தான் தொடங்கின. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) சால் பாஸ் வடிவமைத்த ஓவர்ச்சர் தனி அழகு: என்னவென்று புரியாத செங்குத்துக் கோடுகள் திரையில் நிற்கும், பின்னணி நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும், கடைசியில் அந்தக் கோடுகளே மன்ஹாட்டன் நகரமாகிவிடும்.

வந்தவர்கள் இருக்கை தேடி உட்காரட்டும் என்பதற்காக வாசித்த இசைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த நிமிடங்களில் நம் உடம்புக்குள் நிறைய நடக்கிறது.

முதலில் கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்ததும் கண்மணி விரிவது சில நொடிகளில் முடிந்துவிடும். விழித்திரை பழகுவதுதான் மெதுவான வேலை. நிறம் காணும் கூம்பு செல்கள் ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் பழகிவிடும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களில், வெளிச்சத்தால் சிதைந்த ரோடாப்சின் நிறமி மறுபடி உருவாக இருபது முப்பது நிமிடம் வேண்டும். முழுதும் பழகிய கண்ணின் உணர்திறன் பல்லாயிரம் மடங்கு கூடிவிடும். மூன்று நிமிட இருட்டு அந்த வேலையை முடித்துவிடாது, ஆனால் நன்றாகத் தொடங்கிவைக்கும். அதற்குப் பிறகு திரையில் வரும் முதல் காட்சி, கரிய வெளியில் நிலவின் விளிம்புக்கு மேலே பூமியும் அதற்கு மேலே சூரியனும் எழுவது. இருட்டுக்குப் பழகத் தொடங்கிய கண்ணுக்கு அந்த ஒளி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது காது. எனக்குப் பெரும் வியப்பைத் தருவது இதுதான். அந்த இருட்டில் ஒலிப்பது ஹங்கேரிய இசையமைப்பாளர் கியோர்கி லிகெட்டி 1961-ல் எழுதிய 'அட்மாஸ்ஃபியர்ஸ்'. அதன் முதல் ஒலியில் 59 ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து நிற்கின்றன. ஏறத்தாழ ஐந்து ஸ்தாயிக்குள் வரும் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் இசைக்குழு மிக மெல்லிய ஒலியில் பிடித்துக்கொண்டிருக்கும். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது.

நம் உட்செவியின் நத்தைக்கூட்டில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் இரண்டு ஸ்வரங்கள் மிக நெருங்கி வந்தால் அவை கிளப்பும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும், காதால் பிரிக்க முடியாது. லிகெட்டியின் அடுக்கில் பெரும்பாலான ஸ்வரங்கள் இப்படிப் பக்கத்து ஸ்வரத்தோடு கலந்துபோகின்றன. அதனால் நாம் கேட்பது ஸ்வரங்களை அல்ல, மேகம்போல் நகரும் ஓர் ஒலிப்பரப்பை. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் காது தவிக்கிறது.

பிறகு நிறுவனத்தின் சின்னம் வருகிறது. அதன் அடியில் ஒரே ஒரு கீழ் ஸ்வரம், நீண்ட உறுமல். அதன்மேல் ட்ரம்பெட்டுகள் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் புகழ்பெற்ற மூன்று ஸ்வரங்களை ஊதுகின்றன. நம் முறையில் சொன்னால் ச, ப, மேல் ச. தம்புராவில் அன்றாடம் நாம் மீட்டுவதும் இவற்றைத்தான். மூன்றின் அதிர்வெண்களும் 2:3:4 என்ற விகிதத்தில் இருக்கும். இசையில் இதைவிட எளிய உறவுகள் மிகக் குறைவு. எல்லா ஸ்வரமும் கலந்த குழப்பத்திலிருந்து ச-ப-ச என்ற தெளிவுக்குக் காதைக் கூட்டிவந்த பிறகுதான் குப்ரிக் சூரியனைக் காட்டுகிறார். தொலைக்காட்சியில் அந்தக் கறுப்பை வெட்டிவிட்டுப் போட்டால் விடியல் மட்டும் மிஞ்சும், அதற்கு முந்தைய இரவு போய்விடும்.

இனி இடைவேளை. ஓவர்ச்சர் ஓபராவிலிருந்து வந்தது. இடைவேளைக்கு இயந்திரமும் ஒரு காரணம். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், இரண்டாயிரம் அடி ரீல் இருபத்திரண்டு நிமிடத்தில். இரண்டு புரொஜெக்டர் உள்ள அரங்கில் ஆபரேட்டர், திரையின் வலது மேல் மூலையில் மின்னி மறையும் சிறு வட்டத்தைப் பார்த்து அடுத்த இயந்திரத்தை ஓட்டிவிடுவார், இரண்டாவது வட்டம் வந்ததும் படத்தை அதற்கு மாற்றிவிடுவார். நம் டூரிங் டாக்கீஸ்களில் இருந்தது ஒரே புரொஜெக்டர். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விட்டார்கள். மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்கு இது நன்றாக நினைவிருக்கும். ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்' (1970) இரண்டு இடைவேளையோடு வந்ததற்குக் காரணம் வேறு. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட படம் அது.

கட்டாயத்தால் வந்த இந்த நிறுத்தத்தை நல்ல இயக்குநர்கள் கதைக்குள் இழுத்துக்கொண்டார்கள். '2001'-ஐயே எடுத்துக்கொள்வோம். ஹால் என்ற கணினிமேல் சந்தேகம் கொண்ட இரண்டு விண்வெளி வீரர்கள், அதற்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் அடைந்துகொண்டு, அதன் இணைப்பைத் துண்டிப்பது பற்றிப் பேசுகிறார்கள். திடீரென்று ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. கேமரா அவர்கள் உதடுகளுக்கு மட்டும் மாறி மாறிப் போய்வருகிறது. ஹால் அந்த உதடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நமக்குப் புரிகிறது, அவர்களுக்குப் புரியவில்லை. இடைவேளை. அரங்கில் விளக்கு எரிகிறது. நாம் எழுந்து வெளியே போகலாம், அவர்களால் போக முடியாது.

இது ஏன் இப்படி மனதைப் பிடித்துக்கொள்கிறது? 1920-களின் பிற்பகுதியில் பெர்லினில், உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவிகள் இருவர் இதை ஆராய்ந்தார்கள். பாதியில் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்றார் புளூமா செய்கார்னிக். பாதியில் தடுக்கப்பட்ட வேலைக்கு யாரும் சொல்லாமலே மனிதர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று காட்டினார் மரியா ஓவ்சியான்கினா. புகழ் முன்னவருக்குத்தான் போனது. ஆனால் பின்னால் பலர் செய்துபார்த்த சோதனைகளில் செய்கார்னிக்கின் நினைவாற்றல் முடிவு உறுதியாக நிற்கவில்லை. திரும்பிப் போகத் தூண்டும் அந்த உந்துதல்தான் நின்றது. கேன்டீன் வரிசையில் நிற்பவரை மணியடித்ததும் உள்ளே ஓடவைப்பது அதுதான்.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட முடியாது. மரிலின் போல்ட்ஸ் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், படத்தின் நடுவே விளம்பரம் வைத்து, பார்த்தவர்களுக்குக் கதை எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்தார். ஒரு நிகழ்வு முடியும் இடத்தில் நிறுத்தியபோது நினைவு கூடியது, நிகழ்வின் நடுவில் நிறுத்தியபோது குறைந்தது. ஓடும் வாழ்க்கையை மனம் தானாகவே நிகழ்வு நிகழ்வாகப் பிரித்து அடுக்கிக்கொள்கிறது. அந்த எல்லையோடு ஒத்துப்போகும் நிறுத்தம் அதற்கு உதவி, குறுக்கே விழும் நிறுத்தம் சேதம்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல இடைவேளையின் இலக்கணம் கிடைக்கிறது: காட்சி முடிந்திருக்க வேண்டும், கேள்வி முடிந்திருக்கக் கூடாது. நம் இயக்குநர்கள் இன்டர்வெல் பிளாக் என்று சொல்லி, கதை விவாதத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து தேடுவது இந்த இடத்தைத்தான். 'விக்ரம்' (2022) படத்தில் இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய கமல்ஹாசன் முகமூடியைக் கழற்றும் இடத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரு புதிர் அங்கே முடிகிறது, அதைவிடப் பெரிய புதிர் அதே நொடியில் தொடங்குகிறது. உலகில் வேறெங்கும் இந்த அளவுக்குத் தொடர்ந்து பயிலப்படாத ஒரு திரைக்கதைக் கலை இது என்றே நினைக்கிறேன்.

மேற்கில் இடைவேளை 1980-களோடு ஏறக்குறைய மறைந்தது. அறுபடாமல் ஓடும் பிளாட்டர் கருவிகள் வந்தன, ஒரு நாளைக்குக் கூடுதல் காட்சிகள் ஓட்டும் மல்ட்டிபிளெக்ஸ் வந்தது. அவ்வப்போது யாராவது மீட்டெடுக்கிறார்கள். டாரன்டினோ 'த ஹேட்ஃபுல் எய்ட்' (2015) படத்தின் 70 மி.மீ. வெளியீட்டில் என்னியோ மோரிக்கோனியின் ஓவர்ச்சரையும் ஓர் இடைவேளையையும் வைத்தார். 215 நிமிடம் ஓடும் 'த புரூட்டலிஸ்ட்' (2024) பதினைந்து நிமிட இடைவேளையைப் படத்துக்குள்ளேயே கொண்டிருக்கிறது. திரையில் ஒரு திருமணப் புகைப்படமும் குறைந்துகொண்டே வரும் நேரமும் நிற்கும். இயக்குநர் பிராடி கார்பெட் குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்கு.

நம் அரங்குகளிலோ இடைவேளையே இல்லாமல் எடுத்த வெளிநாட்டுப் படங்களையும் நடுவில் நிறுத்துகிறார்கள், சில நேரம் பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும்போதே. ரீல் தீர்ந்தால் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றிருந்த காலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் புரொஜெக்டரில் எந்த நொடியில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே குறித்துவைக்க முடியும். கேன்டீன் வியாபாரம் தேவைதான், அதற்காக இடைவேளை விடுவதிலும் தவறில்லை. ஆனால் அந்தப் படங்களை வாங்கி வெளியிடும் விநியோகஸ்தர்கள், ஒருமுறை முழுதாகப் பார்த்து, ஒரு காட்சி முடிந்து கேள்வி எழும் இடத்தைக் குறித்து அரங்குகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு படத்தொகுப்பாளருக்கு அது ஒரு பிற்பகல் வேலைதான்.