தடுப்பூசிக்கு மட்டும்தானா ஆரம்ப சுகாதார நிலையம்?

குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் பெயர் பதியவும் அங்கேதான் போகிறோம். வாப்பாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டால் மட்டும் ஆட்டோ பிடித்து டவுனில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். "அதெல்லாம் அங்கே பார்ப்பார்களா?" என்று கேட்காத வீடு நம்மிடையே குறைவு.

இந்த எண்ணத்துக்கு மக்களின் அறியாமை மட்டும் காரணமல்ல. உலக அளவில் எடுக்கப்பட்ட சில முடிவுகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

1978 செப்டம்பரில், அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த கஸகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அந்த மாநாட்டை நடத்தின. 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்பது அங்கே வைத்த இலக்கு. மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்றார்கள். ஊசி, மருந்தோடு குடிநீர், துப்புரவு, சத்துணவு, நலக் கல்வி ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று அந்தப் பிரகடனம் சொல்கிறது.

இந்தியாவுக்கு இது முற்றிலும் புதிய பாடம் அல்ல. கிராமத்துக்கு அருகில் சுகாதார நிலையம் வேண்டும் என்று போர் குழு 1946-லேயே பரிந்துரைத்திருந்தது. ஆனாலும் 1983-ல் வந்த முதல் தேசிய சுகாதாரக் கொள்கை அல்மா ஆட்டாவின் இலக்கைத்தான் தன் இலக்காக ஏற்றது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கணக்கில் கட்டடங்கள் எழுந்தன.

அதற்குள் உலக அளவில் காற்று திசை மாறிவிட்டது. இருக்கிற பணத்துக்கு எல்லாவற்றையும் செய்ய முடியாது, குறைந்த செலவில் அதிக உயிர்களைக் காக்கும் சிலவற்றை மட்டும் செய்வோம் என்ற வாதம் 1979-லேயே எழுந்தது. குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என நான்கை யுனிசெஃப் முன்னிறுத்தியது. இதனால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பரந்த கொள்கை ஒன்று சுருங்கிப் போனது. இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளும் சேர்ந்துகொள்ள, ஆரம்ப சுகாதார நிலையம் தாய்க்கும் சேய்க்குமான இடம் என்றே மக்கள் மனதில் பதிந்தது. நாற்பது வயது ஆணுக்கு அங்கே என்ன வேலை?

இந்த இடைவெளியில்தான் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வளர்ந்தன. இரண்டும் வலி காட்டாத நோய்கள். சிறுநீரகம் பழுதான பிறகோ, பக்கவாதம் வந்த பிறகோ கண்டுபிடிப்பதும், நகையை அடகு வைப்பதும் நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டது. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவாது.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை மறுபடியும் பழைய அகலத்துக்குத் திரும்ப முயன்றது. சுகாதார நிதியில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப நிலை மருத்துவத்துக்கு என்றது. அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றும் சொன்னது. இந்த இலக்கு எட்டப்படவில்லை. 2018 அக்டோபரில் அதே கஸகஸ்தானின் அஸ்தானாவில் நாடுகள் மீண்டும் கூடி, அல்மா ஆட்டா வாக்குறுதியைப் புதுப்பித்தன.

தமிழ்நாட்டில் இதன் வடிவத்தை நம் வாசலிலேயே பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் கவனிப்பும் உண்டு. வருபவரை "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. ரமலானுக்கு முன்பு மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, நோன்பு வைக்கலாமா என்பதையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமே கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

அல்மா ஆட்டா சொன்னவற்றில் இன்றும் பெரும்பாலும் காகிதத்திலேயே இருப்பது மக்கள் பங்கேற்பு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது, ஊருக்குக் கிராம சுகாதாரக் குழு இருக்கிறது. நம் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்பதை ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் எவரும் எழுந்து கேட்கலாம்.